இதயத்தை விடுங்கள், குதிகாலுக்கு வாருங்கள்

இதயத்தைப் பற்றி இன்னொரு கவிதை வேண்டாம் என்று எல்லாரையும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். நான் இருக்கிற கவிதை வாட்ஸப் குழுவில் தினமும் விடிந்ததும் யாராவது ஒருவருடைய இதயம் உடைகிறது, மத்தியானத்துக்குள் இன்னொருவருடையது கசிகிறது, ராத்திரி பத்து மணிக்கு மேல் ரெண்டு மூணு இதயம் சேர்ந்து எரிகிறது. மூடிய கைமுட்டி அளவுக்கு ஒரு தசை, நாள் ஒன்றுக்குச் சுமார் 1 லட்சம் தடவை சுருங்கி விரிந்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது, அதற்கு உடைவதற்கெல்லாம் ஏது நேரம்.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், நான் பிசியோதெரபிஸ்ட். பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை. எங்கள் பக்கம் பிசியோதெரபி என்று யாரும் சொல்வதில்லை, "கரண்ட் வெச்சுக்கப் போறனுங்" என்றுதான் சொல்வார்கள், ஆட்டோக்காரரும் "கரண்ட் வெக்கிற எடமா" என்று கேட்டுத்தான் கொண்டுவந்து இறக்குவார். ஆளைப் படுக்கவைத்து, வலிக்கிற இடத்தில் பட்டையை ஒட்டி, மெஷினை ஓடவிட்டால் அது பீப் அடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் போனில் எழுதுவதுதான் என் கவிதை. நாலு வரிக்கு மேல் போகாததற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை, பீப் அடித்துவிடும்.

தமிழில் உடம்பைப் பாடுவதற்குப் பஞ்சமே இல்லை. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்று பிரபந்த வகையே இருக்கிறது, சாமியைப் பாதத்திலிருந்து தொடங்கி மேலே போவது, மனுசரைத் தலைமுடியிலிருந்து தொடங்கிக் கீழே வருவது என்று அதற்கு ஒரு மரபும் உண்டு. கண்ணுக்குக் கயல், பல்லுக்கு முல்லை, கழுத்துக்குச் சங்கு, இடுப்புக்குக் கொடி. எழுதிய காலத்தில் அது அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் என்னிடம் வருகிற கழுத்தெல்லாம் காலர் மாட்டிக்கொண்டு வருகிறது. சங்குக்கு ஸ்பாண்டிலைட்டிஸ் வந்தால் என்ன செய்வது என்று எந்தப் பிரபந்தத்திலும் இல்லை.

இன்னொன்று, எலும்புக் கணக்கு. வளர்ந்த ஆளுக்கு மொத்தம் 206 எலும்பு. ஒரு கைக்கு மணிக்கட்டோடு சேர்த்து 27, ஒரு பாதத்துக்குக் கணுவோடு சேர்த்து 26. ரெண்டு கை ரெண்டு பாதம் சேர்த்தால் 106 வருகிறது, அதாவது பாதிக்கு மேல். நியாயமாகப் பார்த்தால் உடம்பைப் பற்றி எழுதுகிற கவிதைகளில் பாதிக்கு மேல் கைக்கும் காலுக்கும் போயிருக்க வேண்டும். கண்ணும் இதயமுமாகச் சேர்ந்து பங்கு முழுவதையும் அமுக்கிவிட்டன.

அதனால் நான் குதிகாலில் இருந்து ஆரம்பித்தேன். குதிகால் வலிக்கு ஒரு குணம் உண்டு. பாதத்துக்கு அடியில் குதிகால் எலும்பில் தொடங்கி விரல்கள் வரைக்கும் தடித்த நார்ப்பட்டை ஒன்று ஓடுகிறது, ராத்திரி கால் தளர்ந்து கிடக்கும்போது அது இறுகிக்கொள்ளும், காலையில் எழுந்து முதல் அடியைத் தரையில் வைத்ததும் சுரீரென்று இழுபடும். நாலு அடி நடந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், அப்புறம் நாளெல்லாம் நின்றுவிட்டு மறுபடி படுத்து எழுந்தால் மறுபடி அதே கதை. பனியன் கம்பெனியில் நின்றுகொண்டே செக்கிங் பார்க்கிற பெண்கள் நிறையப் பேர் இதோடு வருவார்கள்.

கட்டிலை விட்டு இறங்கும்
முதல் அடிக்காக
விடிய விடிய விழித்திருக்கிறது
குதிகால்.

இதில் ஒரு சின்னப் பொய் இருக்கிறது, குதிகால் விழித்திருக்காது. இந்த அளவு பொய்யை நான் அனுமதிக்கிறேன். ஆனால் "முள்போல் குத்தும் குதிகால்", "நெருப்பில் வைத்த பாதம்" என்று போயிருந்தால் அதோடு முடிந்தது, படிக்கிறவர் முள்ளையும் நெருப்பையும் பார்ப்பார், காலைப் பார்க்க மாட்டார். உறுப்பு என்ன செய்கிறது என்று சொன்னால் போதும், எதைப் போல இருக்கிறது என்று சொல்லாதே. இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

வள்ளுவர் இதில் ஒரு வேலை செய்திருக்கிறார். நட்பு அதிகாரத்தில் 788-ஆவது குறள், "உடுக்கை இழந்தவன் கைபோல". அது உவமைதானே என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், உவமைதான், ஆனால் திசை மாறியிருக்கிறது பாருங்கள். கை எதைப் போல இருக்கிறது என்று அவர் தேடப் போகவில்லை. நட்பு எதைப் போல இருக்கும் என்று கேட்டதற்குக் கையைக் காட்டிவிட்டார். வேட்டி நழுவும்போது யோசிக்காமல் போகிறதே, அந்தக் கை. அது நீளமா குட்டையா, தாமரையா செங்காந்தளா, எதுவும் கிடையாது. ஏழு சீருக்குள் ஒரு ஆள், ஒரு வேட்டி, பார்க்கிற நாலு பேர், எல்லாம் வந்துவிடுகிறது.

ஒரு விதி போதாது, இன்னொன்றும் வேண்டும். உறுப்பு யாருடையது என்று தெரிய வேண்டும். முழங்காலைப் பற்றி எழுதினால் முழங்கால் என்று ஒன்று உலகத்தில் தனியாக நடமாடுவதில்லை, சென்னிமலைக்குப் படியேறிப் போய்வந்தவருடைய முழங்கால், வெங்காயக் காட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தவளுடைய முழங்கால், இப்படித்தான் இருக்கிறது. ஆள் வந்ததும் கவிதை பாதி தானாக எழுதிக்கொள்ளும்.

1320 படி.
ஏறும்போது முருகா முருகா.
இறங்கும்போது
மொழங்காலே மொழங்காலே.

சிரிப்புக் கவிதைதான், ஆனாலும் பாடம் சரியாக இருக்கிறது. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் அதிகம், தொடைத் தசை நீண்டுகொண்டே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும். "மலைக்குப் போலாங்களா" என்று கேட்பவர்களிடம் நான் சொல்வதும் இதுதான், ஏறுங்கள், இறங்கும்போது பஸ்ஸில் வாருங்கள். சென்னிமலைக்கு மேலே வரை ரோடு இருக்கிறது. யாரும் கேட்பதில்லை, வேண்டுதல் என்று சொல்லிவிட்டுப் படியிலேயே இறங்கி வந்து மறுநாள் என்னிடம் படுத்துக்கொள்கிறார்கள்.

உடற்கூறு படித்ததில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகத்தில் அதிசயம் கொட்டிக் கிடக்கிறது. பிறந்த குழந்தைக்கு முழங்கால் சில்லு எலும்பாக இருக்காது, குருத்தெலும்பாகத்தான் இருக்கும், பெரும்பாலும் 3 வயதுக்கு மேல்தான் எலும்பாக மாற ஆரம்பிக்கும். தொண்டையில் நாக்குக்கு அடியில் ஒரு எலும்பு, வேறு எந்த எலும்போடும் சேராமல் தசையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது. விரலை மடக்கி நீட்டுகிற பெரிய தசைகள் விரலில் இல்லவே இல்லை, முன்கையில் இருந்து நாண்கள் வழியாக இழுக்கின்றன, இப்போதே இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை ஆட்டிப்பாருங்கள், உள்ளே ஓடுவது தெரியும். இதையெல்லாம் அப்படியே மூணு வரியாக மடித்துப் போட்டால் கைதட்டு கிடைக்கும், ஆனால் அது வினாடி வினா. கவிதை ஆவதற்கு அந்த அதிசயம் யாராவது ஒருவர் மேல் இறங்க வேண்டும். சில்லு பற்றி எழுதியது இப்படி வந்தது:

தவழ்ந்தபோது இல்லாத எலும்பு
விழுந்து எழப் பழகியபின்
வந்து உட்கார்கிறது
முழங்காலில்.

மோசமில்லை. ஆனாலும் ஆள் இல்லை பாருங்கள், எல்லாக் குழந்தைக்கும் பொதுவாக நிற்கிறது, அதனால் எனக்கு இதன் மேல் பெரிய பாசம் கிடையாது. முதுகுத்தண்டு பற்றியது எனக்குப் பிடிக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டுகள் ராத்திரி படுத்திருக்கையில் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், பகலில் நிற்க, நடக்க, சுமக்க அது பிதுங்கிக் குறையும். காலையில் நாம் எல்லாரும் சாயங்காலத்தைவிடச் சுமார் 1 செண்டிமீட்டர் உயரம். இது தெரிந்து ரொம்ப காலம் ஆகிறது, ஒன்றும் எழுத வரவில்லை. அப்புறம் ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குகிறவர் ஒருவர் இடுப்புப் பிடிப்போடு வந்தார்.

மண்டியில் மூட்டையை இறக்கும்போது
காலையில் கொண்டுவந்த
ஒரு செண்டிமீட்டரையும்
இறக்கி வைக்கிறார்.

ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லாருக்கும் சந்தோசம். மூட்டையை முதுகில் வாங்குகிறவர் அதே பழைய சாக்கைத்தான் இன்னும் தலைக்குக் கொங்காணி போட்டுக்கொள்கிறார். அவர் கையைப் பிடித்துப் பார்த்தால் ரேகையெல்லாம் மஞ்சள். அதற்கு ஒன்று எழுதினேன்:

மண்டிக்காரர் கையிலும்
மூட்டைக்காரர் கையிலும்
ஒரே மஞ்சள்.
கழுவியதும் தெரிகிறது காய்ப்பு.

ஆள்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். வலியை 0-இலிருந்து 10-க்குள் ஒரு எண்ணாகச் சொல்லச் சொல்வது எங்கள் வழக்கம், கேஸ் ஷீட்டில் அதற்கு ஒரு கட்டமே இருக்கிறது. ஒரு அம்மா, "அதெல்லாம் எனக்கென்னுங் தெரியும் அம்மிணி, எல்லாருக்கும் போடறதையே எனக்கும் போட்டுருங்" என்றார். சரி, எப்படி வலிக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்றதும் மடை திறந்துவிட்டது, பொடனியில் விண்ணு விண்ணு என்று தெறிக்குதுங், அங்கிருந்து தோளுக்கு இறங்கிக் கடுகடுங்குது, கை நுனிக்குப் போகும்போது எறும்பு ஊர்ற கணக்கா மதமதன்னு ஆயிருது, ராத்திரியில் கொடையறது இருக்குதே அதச் சொல்லி முடியாதுங். ஒரு நரம்பு கழுத்தில் எங்கே அமுங்கி எந்த வழியாக விரலுக்குப் போகிறது என்று வரைபடமே போட்டுக் கொடுத்துவிட்டார். கட்டத்தில் 7 என்று எழுதினேன்.

திருப்பூர் டைலர் ஒருத்தியின் கழுத்தும் இப்படித்தான். டீ-சர்ட்டுக்குக் கழுத்துப் பட்டி வைத்துத் தைக்கிற வேலை, பீஸ் ரேட். காலையில் குனிந்தால் டீ டைமுக்குத்தான் நிமிர்வாள், பாத்ரூம் போகணும் என்றாலும் டீ டைம்தான். வெயிட்டிங்கில் உட்கார்ந்திருந்தவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன், தலை திரும்பவில்லை, நாற்காலியோடு சேர்ந்து இடுப்பிலிருந்து மொத்த ஆளும் திரும்பியது. எதுவும் சேர்க்கவில்லை, பார்த்ததுதான்:

ஆயிரம் டீ-சர்ட்டுக்குக்
கழுத்து வைத்தவள்
கூப்பிட்டால்
உடம்போடு திரும்புகிறாள்.

வெட்டுவதுதான் எழுதுவதைவிட நேரம் பிடிக்கிறது. செருப்பைப் பற்றிய ஒன்றை எப்படி வெட்டினேன் என்று காட்டுகிறேன். சர்க்கரை நோயில் கால் விரல் எடுத்தவர்கள் எங்களிடம் நடை பழக வருவார்கள். அப்படி ஒருவர் வாசலில் விட்டுப் போன ரப்பர் செருப்பில், வருசக்கணக்காகப் போட்டுப் போட்டு விரல்கள் அழுந்திய குழி அஞ்சும் அப்படியே இருந்தது. முதலில் போனில் எழுதிக்கொண்டது இது: "பாவம் அந்த விரல், சர்க்கரை தின்ற விரல், ஆஸ்பத்திரியில் பிரிந்துபோனது, ஆனால் வாசலில் காத்திருக்கும் விசுவாசமான செருப்புக்கு அது தெரியாது, இன்னும் ஐந்து விரலுக்கும் இடம் வைத்திருக்கிறது." முதலில் "பாவம்" போயிற்று, அதைப் படிக்கிறவர் சொல்லிக்கொள்ளட்டும். "விசுவாசமான" போயிற்று, செருப்பை நாயாக்க வேண்டாம். "தெரியாது" என்பதும் போயிற்று, செருப்புக்கு எதுதான் தெரியும். "தின்ற" என்பதை மட்டும் விடமுடியாமல் வைத்துக்கொண்டிருந்தேன், அவர் பேசும்போது "சக்கரைக்குக் குடுத்துட்டனுங்" என்று ஏதோ கோயிலுக்குக் கெடா கொடுத்த தோரணையில் சொன்னதும் அதுவும் போயிற்று.

சர்க்கரைக்குச்
சுண்டுவிரலைக் கொடுத்தாயிற்று.
பழைய செருப்பில் இன்னும்
ஐந்து குழி.

எழுதியதைச் சம்பந்தப்பட்டவர்களிடமே சில சமயம் படித்துக் காட்டுவேன், பேர் ஊர் எதுவும் இல்லாததால் அவர்களுக்கும் ஆட்சேபணை இல்லை. பவானிப் பக்கத்து நெசவாளி ஒருவர், குழித்தறியில் ஜமக்காளம் நெய்து ஓய்ந்தவர், ரெண்டு முழங்காலும் மடங்காமல் வந்திருந்தார். தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து, காலால் மிதித்து மிதித்துப் பாவு நூலை மேலும் கீழும் பிரித்து, கையால் ஊடு நூல் கோத்த நாடாவை ஓட்டி, அப்படியே ஆயுசு போயிருக்கிறது. அவருக்கு எழுதியது:

குழிக்குள் நடக்கின்றன
இரண்டு கால்கள்.
ஊர் போய்ச் சேர்கிறது
ஜமக்காளம்.

படித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. உருகிவிட்டார் என்று நினைத்தேன். "ஏனம்மிணி, கால் எங்க நடக்குது? மிதிக்குது. நடந்திருந்தா நான் ஏன் பவானியிலயே கெடக்கறன், மெட்ராசுக்கே போயிருப்பனே. மிதிக்குதுன்னு மாத்தி எழுதுங்." தறியைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் சரி. ஆனால் மிதிக்கின்றன என்று வைத்தால் அது தறியைப் பற்றிய தகவல், அவர் சொன்ன மெட்ராசு அதற்குள் வராது. "இருக்கட்டுங்கய்யா, நடக்கட்டும்" என்றேன். "என்னமோ பண்ணுங், என்ற காலு நோவு போனாச் சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் இன்னும் மோசம். பண்ணாரி அம்மன் கோயிலில் பங்குனி மாதம் குண்டம் இறங்குவார்கள், அதாவது தீ மிதிப்பார்கள், சத்தியமங்கலம் ரோடு முழுக்கக் கூட்டமாக இருக்கும், எங்கள் ஒறம்பரையில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள். எங்கள் பெரியப்பாவும் இறங்குகிறவர்தான்.

குண்டம் இறங்கி வந்தவர்
தார்ரோட்டில்
துள்ளித் துள்ளிப் போகிறார்.

"ஆத்தாளையே நக்கல் பண்றயா" என்று பெரியப்பா எகிறிவிட்டார். ஆத்தாளை நான் ஒன்றுமே சொல்லவில்லை, ஆத்தாள் குண்டத்தில் பார்த்துக்கொள்கிறாள், தார்ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையது என்றேன். அதற்கும் முறைத்தார். பெரியம்மா அடுப்படியில் இருந்தபடியே, "அவ சொல்றது நெசந்தானுங்களே, போன நோம்பிக்குச் செருப்புக் கொண்டாடீன்னு நீங்கதானுங்களே கத்துனீங்க" என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சாம்பல் பூத்த கங்கு சூட்டைச் சட்டென்று கடத்தாது, கால் படுகிற நேரமும் நொடிக்கணக்குத்தான், பக்தியோடு இதுவும் சேர்ந்துதான் நடக்கிறது என்று விளக்க வாயெடுத்தேன், வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கோயில் என்றதும் ஞாபகம் வருகிறது. மாரியம்மன் கோயில் வாசலில் நோம்பி சமயத்தில் உருவத் தகடு விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். வெள்ளி நிறத்தில் மெல்லிய தகடு, அதில் ஒரு கண், ஒரு கை, ஒரு கால், சிலதில் முழு உடம்பு என்று அச்சு அடித்திருக்கும். எந்த உறுப்பில் சீக்கோ அந்த உறுப்பை வாங்கிக் கொண்டுபோய் உண்டியலில் போடுவது. எங்கள் கிளினிக்குக்கு வருகிற பாதிப்பேர் அதையும் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள், கரண்டுக்கு ஒரு பக்கம், தகடுக்கு ஒரு பக்கம். உறுப்பு யாருடையது என்று தெரிய வேண்டும் என்று மேலே சொன்னேனா, இந்தத் தகடு அதற்கு நேர் எதிர். எல்லாக் காலும் ஒரே அச்சு, ஒரே அளவு, பேர் இல்லை, ஆண் பெண் இல்லை. ஆனாலும் கடைக்காரர் முன்னால் நின்று ஒரு பாட்டி அந்தக் கால்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, "இதுல எடது காலு எதுங்" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். கடைக்காரர் தகட்டைத் திருப்பிக் கொடுத்தார், அவ்வளவுதான், இடது காலாகிவிட்டது. இதை எழுதிப் பார்த்தேன், பாட்டி கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் என் வரி எதுவும் நிற்கவில்லை. சில விசயம் கவிதையாக வேண்டியதில்லை.

தோளைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் தோள்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். தோள் இறுகிப்போவது சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும், கை பாதிக்கு மேல் உயராது, முதுகுப் பக்கம் போகாது, தலை சீவ முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட இன்னொரு ஆள் வேண்டும். பல பேருக்கு அது தளர ஒண்ணு ரெண்டு வருசம்கூட ஆகும். அதுவரைக்கும்:

தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடத்
தோள் விடவில்லை.
நெஞ்சுக்கு நேரே நிறுத்தினார்.
சாமி குனிந்திருக்கும்.

காதுமடலுக்கும் ஒன்று உண்டு. அது நோயாளி யாருடையதும் இல்லை, எங்கள் அமுச்சியின், அதாவது அம்மாவைப் பெற்றவளின் காது. காதுமடலின் அடிப்பகுதியில் எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை, வெறும் தோலும் கொழுப்பும்தான், அதனால்தான் குத்துவதும் சுலபம், கம்மல் இல்லாமல் விட்டால் ஓட்டை தூர்ந்துபோவதும் சுலபம். கம்மலைக் கழற்றினால் வேப்பங்குச்சியைச் சீவிச் செருகி வைப்பார்கள். மஞ்சள் விலை இறங்கிய வருசங்களில் எங்கள் ஊரில் நிறையக் காதுகளில் வேப்பங்குச்சி இருக்கும், யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

காது குத்தியபோது
மாமன் மடி.
கம்மல் அடகுக்குப் போனபின்
ஓட்டைக்குத் துணை
ஒரு வேப்பங்குச்சி.

அஞ்சு வரி ஆகிவிட்டது, மெஷின் பீப் அடித்த பிறகும் எழுதியது இது ஒன்றுதான்.

இப்போது கையில் இருப்பதும் காதுதான், ஆனால் உள்காது. சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவர் முதுகுக்குக் கரண்ட் வைக்க வருகிறார். தறிக் குடோனுக்குள் நிற்கிற சத்தத்தில் பேசுவது காதில் விழாது, வாயசைவைப் பார்த்துத்தான் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்வார்கள், அப்படியே வருசங்கள் போனால் உள்காதில் இருக்கிற மயிரிழைச் செல்கள் செத்துப்போகும், செத்தது திரும்ப முளைக்காது. இவர் கிளினிக்கிலும் கத்தித்தான் பேசுவார், அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர் திடுக்கிட்டு எழுந்துகொள்வார். எழுதியிருப்பது இவ்வளவு:

கரண்ட் போய்த் தறி நின்றது.
பக்கத்தில் நிற்பவரிடம்
இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்.

இதில் காது என்கிற சொல்லே இல்லை. உள்ளே எங்காவது செருகலாமா என்று பார்த்தேன், எங்கே வைத்தாலும் டாக்டர் ரிப்போர்ட் வாடை அடிக்கிறது. செருகாமல் விட்டால் இது உடம்பைப் பற்றிய கவிதைதானா, குடோனைப் பற்றிய கவிதையா என்று குழுவில் ஒருவர் கேட்கத்தான் போகிறார். கடைசியில் தலைப்பில் "காது" என்று போட்டுவிட்டேன், வரிகளைத் தொடவில்லை. அடுத்தவருக்குப் பட்டை ஒட்ட வேண்டும், வெளியே மூணு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் இப்போதே "இன்னும் எவ்வளவு நேரமுங்" என்று கேட்டாயிற்று.